அழைத்தால் மட்டுமே கொடுக்கும் ஃபவுண்டேஷன்களிடம் நிதி பெறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சிறிய சேவை அமைப்புகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், புரொபோசல் எழுத உதவுவதும் பல ஆண்டுகளாக என் வார இறுதி வேலை. உணவு வங்கி நடத்துபவர்கள், தமிழ்ப்பள்ளி நடத்துபவர்கள், ஊரில் டிரஸ்ட் வைத்திருக்கும் நண்பர்கள் என்று பலரும் போனில் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பார்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: "ஒரு ஃபவுண்டேஷன் இருக்கிறது, நாம் செய்கிற மாதிரி வேலைக்குத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் விண்ணப்பம் வாங்க மாட்டார்களாம். என்ன செய்வது?" அதையொட்டி வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

"இன்விடேஷன் ஒன்லி"ன்னு போட்டிருக்காங்க. அப்படின்னா என்ன?

நாமாக எழுதிக் கேட்டால் வாங்கிப் படிக்க மாட்டார்கள் என்று அர்த்தம். யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்களே தேடிப் பார்த்து, பிடித்த அமைப்பிடம் மட்டும் "புரொபோசல் அனுப்புங்கள்" என்று சொல்வார்கள்.

பிரைவேட் ஃபவுண்டேஷன் என்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்தின் பணம், அல்லது ஒரே நிறுவனத்தின் பணம். அதைப் பங்கிலும் பத்திரத்திலும் போட்டுவைத்து, ஆண்டுதோறும் ஒரு பகுதியை எடுத்துக் கொடுப்பார்கள். ஊரில் சத்திரத்துக்கு நிலத்தை எழுதிவைத்து, குத்தகைப் பணத்தில் அன்னதானம் நடத்தினார்களே, ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான். பொதுமக்கள் பலரிடம் வசூலித்து நடத்தும் அமைப்பு வேறு வகை. அதைப் பப்ளிக் சாரிட்டி என்பார்கள். இந்த வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு கேள்விக்கு இதுதான் ஆதாரம்.

பணம் கொடுக்கிறதுதானே அவங்க வேலை? அப்புறம் ஏன் கதவை மூடி வைக்கிறாங்க?

பல குடும்ப ஃபவுண்டேஷன்களில் சம்பளத்துக்கு ஆளே கிடையாது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு வக்கீல் என்று ஐந்து டிரஸ்டிகள் ஆண்டுக்கு இரண்டு முறை உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். தொகையும் நாம் நினைக்கிற அளவு இருக்காது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு பிரைவேட் ஃபவுண்டேஷன் தன் முதலீடுகளின் மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தை ஆண்டுதோறும் தர்ம காரியத்துக்குச் செலவிட வேண்டும். கையில் 1 கோடி டாலர் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் டாலர். அதில் கிராண்ட் (அமைப்புகளுக்குக் கொடுக்கும் நிதி) வேலைக்கான நிர்வாகச் செலவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே கொடுத்துவரும் பத்துப் பன்னிரண்டு அமைப்புகளுக்குப் போக மீதி எவ்வளவு இருந்துவிடும்?

கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பெரும் செல்வந்தரான மெக்கன்சி ஸ்காட் தன் கொடை அமைப்பான யீல்ட் கிவிங் மூலம் விண்ணப்பம் வாங்காமலேயே அமைப்புகளைத் தேடிக் கொடுத்துவந்தவர். 2023-ல் முதல்முறையாகப் பொது அழைப்பு விடுத்தார். 6,353 விண்ணப்பங்கள் வந்தன. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 64 கோடி டாலர் அறிவித்தார்கள். அழைப்பில் சொன்னதைவிட அதிகமான அமைப்புகளுக்கு, அதிகமான பணம். அப்படியும் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் எழுதிய உழைப்புக்குப் பணம் வரவில்லை. ஐந்து டிரஸ்டிகள் மட்டும் இருக்கும் இடத்தில் கதவை மூடுவது நம் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது என்றே நான் நினைக்கிறேன்.

என் பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்கு நேரா எழுதிக் கேட்கலாமா?

வேண்டாம். தனி நபருக்குப் படிப்புதவி கொடுக்க ஒரு பிரைவேட் ஃபவுண்டேஷன் தன் தேர்வு முறையை வருமான வரித் துறையிடம் காட்டி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்கியவர்கள் அதை வெளிப்படையாக அறிவித்தே நடத்துவார்கள். மற்றவர்களால் மனமிருந்தாலும் கொடுக்க முடியாது. கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் கேளுங்கள்.

கேட்ஸ் ஃபவுண்டேஷனுக்கு எழுதிப் பார்க்கலாமா?

இது வாரம் ஒருமுறை வரும் கேள்வி. அவர்களும் பெரும்பாலான கிராண்ட்களை நேரடியாக அழைத்தே கொடுக்கிறார்கள். தனி நபர்களுக்குக் கொடுப்பதில்லை. எப்போதாவது குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்கு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு வரும், பெரும்பாலும் ஆராய்ச்சி சார்ந்தது. உங்கள் தெருவில் மாலை வகுப்பு நடத்த அது இடமில்லை.

இவங்க நிஜமாவே விண்ணப்பம் வாங்க மாட்டாங்களான்னு எப்படி உறுதி பண்றது?

ஒவ்வொரு பிரைவேட் ஃபவுண்டேஷனும் ஆண்டுதோறும் 990-பி.எஃப். என்ற படிவத்தை அமெரிக்க வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். அது ரகசியமில்லை, யாரும் பார்க்கலாம். புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் நடத்தும் நான்பிராஃபிட் எக்ஸ்புளோரர் தளத்தில் ஃபவுண்டேஷன் பெயரைப் போட்டுத் தேடினால் இலவசமாகக் கிடைக்கும்.

படிவத்தின் பின்பகுதியில் கிராண்ட் பற்றிய விவரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். "முன்கூட்டியே தேர்ந்தெடுத்த அமைப்புகளுக்கு மட்டுமே கொடுக்கிறோம், நாங்கள் கேட்காமல் வரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்றால் இங்கே குறியிடவும்" என்பது அதன் சாரம். அங்கே ஒரு பெருக்கல் குறி விழுந்திருந்தால் விஷயம் முடிந்தது. குறி இல்லாவிட்டால் அதற்குக் கீழே யாருக்கு எழுத வேண்டும், எந்த வடிவில், கடைசித் தேதி எது, எந்த ஊருக்கு அல்லது எந்தத் துறைக்கு மட்டும் என்பதை அவர்கள் நிரப்பியிருக்க வேண்டும். வெப்சைட்டே இல்லாத ஃபவுண்டேஷன்கள் ஏராளம். அவற்றுக்கு இந்தப் பக்கம்தான் வாசல்.

அந்தப் படிவத்துல வேற என்ன பார்க்கணும்? நூறு பக்கம் இருக்கே!

நூறில் முக்கால்வாசி பங்கு வாங்கி விற்ற பட்டியல். அதைத் தள்ளிவிடுங்கள். டிரஸ்டிகள் பெயர், மொத்தச் சொத்து, கொடுத்த கிராண்ட்களின் பட்டியல் ஆகிய மூன்றும் போதும். பட்டியலில் வாங்கியவர் பெயர், ஊர், நோக்கம், தொகை எல்லாம் இருக்கும்.

ஒரு ஆண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று ஆண்டுகளின் படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் குறித்துப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்த ஒன்றில் பதினான்கு பெயர்கள் மூன்று ஆண்டும் அதே வரிசையில், அதே தொகையில் இருந்தன. புதிதாக ஒரு பெயர்கூட இல்லை. அங்கே நேரத்தைப் போடுவதில் பொருளில்லை. இன்னொன்றில் ஆண்டுக்கு நான்கைந்து புதுப் பெயர்கள் வந்திருந்தன. எல்லாமே ஒரே மாவட்டம், முதல் ஆண்டில் 5,000 டாலர், அடுத்த ஆண்டில் 15,000. கட்டத்தில் குறி இருந்தாலும் இந்த ஃபவுண்டேஷன் புது ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. ஒன்று மட்டும் கவனம்: காலண்டர் ஆண்டுக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மே 15 கெடு, நீட்டிப்பு வாங்கினால் நவம்பர் 15. ஆகவே நீங்கள் பார்ப்பது எப்படியும் ஓராண்டுக்கு மேல் பழைய படமாக இருக்கலாம்.

வேண்டாம்னு எழுதியிருந்தாலும் ஒரு புரொபோசல் அனுப்பி வச்சா என்ன? போனா ஒரு தபால்தானே?

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு அமைப்புக்காக நாற்பது ஃபவுண்டேஷன் முகவரிகளைத் திரட்டி, பன்னிரண்டு பக்கப் புரொபோசலை அச்சடித்து, மூன்று இரவு உறைகளில் போட்டு ஒட்டி அனுப்பினோம். இரண்டு பதில் வந்தது, இரண்டும் "மன்னிக்கவும்". பின்னால் அந்தப் படிவங்களை எடுத்துப் பார்த்தபோது, நாற்பதில் பெரும்பாலானவற்றில் நான் சொன்ன கட்டத்தில் குறி இருந்தது. அனுப்புவதற்கு முன்பே ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துகொண்டிருக்கலாம். அந்த மூன்று இரவுகள் தன்னார்வலர்கள் குழந்தைகளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த இரவுகள். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

தபால் செலவு பெரிதில்லை. "எங்கள் வேண்டுகோளைப் படிக்கவே இல்லை" என்ற எண்ணம் அவர்கள் மனதில் விழுந்துவிடும். நாளைக்கு உங்கள் பெயர் நல்லபடியாக அவர்கள் காதில் விழும்போது அது குறுக்கே நிற்கும்.

அப்போ அழைப்பு எப்படித்தான் வருது?

பெரும்பாலும் மூன்றாவது ஒருவர் சொல்லி வருகிறது. ஃபவுண்டேஷனிடம் ஏற்கெனவே நிதி வாங்கும் அமைப்பின் நிர்வாகி, அதே ஊரில் கொடுக்கும் இன்னொரு ஃபவுண்டேஷன், சமூக ஃபவுண்டேஷனில் (ஓர் ஊரில் பலர் கொடுக்கும் பணத்தைச் சேர்த்து அந்த ஊருக்கே கொடுக்கும் அமைப்பு) வேலை பார்ப்பவர், உள்ளூர் நூலகர், பள்ளி முதல்வர் என்று யாராகவும் இருக்கலாம். ஆகவே பட்டியலில் இருக்கும் அமைப்புகளில் உங்களுக்குப் பக்கத்து வேலை செய்பவர்கள் யார் என்று பாருங்கள். அவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். பணத்துக்காக நட்புப் பிடிப்பது இரண்டே சந்திப்பில் தெரிந்துபோகும். உண்மையில் அவர்களுக்கு உதவியாக இருக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் உணவு வங்கியைச் சொல்கிறேன். சர்ச் ஒன்றின் அடித்தளத்தில், சனிக்கிழமை காலை மட்டும் நடக்கும். வாசலில் ஒரு வெள்ளைப் பலகை. அன்று எத்தனை குடும்பம் வந்தது, எந்தப் பொருள் முதலில் தீர்ந்தது என்று எழுதி, போட்டோ எடுத்து, வாரம் தவறாமல் தங்கள் பக்கத்தில் போடுவார்கள். வேறு விளம்பரம் எதுவும் இல்லை. சமூக ஃபவுண்டேஷன் ஒன்றிடம் முறையாக விண்ணப்பித்து 3,000 டாலர் வாங்கினார்கள், கணக்கைக் கெடுவுக்கு முன்பே ஒப்படைத்தார்கள். அங்கிருந்த அலுவலர் ஒரு குடும்ப ஃபவுண்டேஷனிடம் இவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை வயதான அம்மா ஒருவர் வந்து, மூட்டை பிரித்துக்கொண்டிருந்த தன்னார்வலரிடம், "எது முதலில் தீரும்?" என்று கேட்டார். "டயப்பர்தாங்க. அதைக் கேட்க வெட்கப்பட்டுக் கடைசியில் நிற்பவர்களுக்குக் கிடைப்பதில்லை" என்றார் இவர். வந்தவர் டிரஸ்டி. அடுத்த மாதம் அழைப்பு வந்தது.

இதில் நீங்கள் செய்யக்கூடிய பகுதி, தேடும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருப்பது. சேவை அமைப்புகளின் விவரங்களைத் திரட்டிவைக்கும் கேண்டிட் தளத்தில் உங்கள் அமைப்பின் பக்கத்தை நிரப்பிவையுங்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று நான்கு நிலைகளில் முத்திரை தருவார்கள். கொடுப்பவர்கள் முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் அது ஒன்று. அப்புறம் சமூக ஃபவுண்டேஷன்கள்: 1914-ல் கிளீவ்லாந்தில் தொடங்கிய இந்த வகை இன்று அமெரிக்கா முழுக்க இருக்கிறது, பெரும்பாலானவை வெளிப்படையாக விண்ணப்பம் வாங்குகின்றன. புது அமைப்பு என்றால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அறிமுகக் கடிதம்கூட எழுதக் கூடாதா?

முகவரி வெளிப்படையாகக் கொடுத்திருந்து, "தொடர்புகொள்ள வேண்டாம்" என்று சொல்லாமலிருந்தால் எழுதலாம். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. என்ன செய்கிறோம், எந்த ஊரில், போன ஆண்டு என்ன நடந்தது, வந்து பார்க்கலாம் என்பதோடு நிறுத்துங்கள். தொகை கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் ஆண்டறிக்கை வரும்போது ஒரு பிரதி அனுப்பினால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

அந்த டிரஸ்டி என் மச்சானோட ஆபீஸ்லதான் வேலை பார்க்கிறார். அவர் மூலமா போகலாமா?

போகலாம், தப்பில்லை. மேலே சொன்ன மூன்றாவது ஆள் உங்கள் மச்சானாகவும் இருக்கலாம். ஆனால் அவரைக் "காசு வாங்கிக் கொடு" என்று அனுப்பாதீர்கள். "ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கிறீர்களா?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். தர்மசங்கடம் இல்லாமல் மறுக்க அந்த டிரஸ்டிக்கு வழி இருக்க வேண்டும்.

சட்டம் குறுக்கே வரும் இடங்களும் உண்டு. ஃபவுண்டேஷன் பணத்தால் டிரஸ்டிக்கோ அவர் குடும்பத்துக்கோ தனிப்பட்ட பலன் போகக் கூடாது. நம் சங்க விழாக்களில் அடிக்கடி நடப்பது இது: டிரஸ்டி தன் பெயரில் ஒரு தொகை தருவதாக மேடையில் கையெழுத்துப் போட்டு வாக்குக் கொடுப்பார், பிறகு ஃபவுண்டேஷன் செக்கை அனுப்புவார். அவர் தனிப்பட்ட கடனை ஃபவுண்டேஷன் அடைத்ததாக ஆகிவிடும். விருந்து டிக்கெட்டும் அப்படித்தான், ஃபவுண்டேஷன் பணத்தில் வாங்கிக் குடும்பத்தோடு வந்து சாப்பிடக் கூடாது. உங்களுக்குத் தெரிந்தால் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். நன்றியோடு நினைப்பார்கள்.

அழைப்பு வந்துருச்சு! எவ்வளவு கேட்கலாம், என்ன எழுதணும்?

தொகைக்குப் பதில் கிராண்ட் பட்டியலிலேயே இருக்கிறது. முதல்முறை வாங்குபவர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து அந்த அளவில் கேளுங்கள். 5,000 கொடுக்கும் இடத்தில் 1 லட்சம் கேட்டால் பட்டியலைப் பார்க்கவில்லை என்று புரிந்துகொள்வார்கள். சந்தேகமிருந்தால் அழைத்தவரிடமே "எந்த அளவில் யோசிக்கிறீர்கள்?" என்று கேட்கலாம், அதில் மரியாதைக் குறைவு இல்லை.

எழுதுவது குறைவாக இருக்கட்டும். வாடகை, சம்பளம், மின்கட்டணத்தை மறைக்காமல் பட்ஜெட்டில் காட்டுங்கள். அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைத்து, இதுவரை செய்யாத ஒரு திட்டத்தைப் புதிதாகக் கண்டுபிடித்து எழுதாதீர்கள். இருக்கிற வேலையைப் பார்த்துத்தானே அழைத்தார்கள்? 501(சி)(3) என்ற வரிவிலக்கு அங்கீகாரக் கடிதம், போர்டு உறுப்பினர் பட்டியல், வருமான வரித் துறைக்கு நீங்கள் கொடுத்த கடைசி ஆண்டின் 990 படிவம், ஆடிட் அறிக்கை இருந்தால் அது, நடப்பு பட்ஜெட் ஆகியவற்றை ஒரு ஃபோல்டரில் இப்போதே போட்டுவையுங்கள். அந்த உணவு வங்கி, கேட்ட இரண்டாம் நாளே எல்லாவற்றையும் அனுப்பியது.

ஒரே ஃபவுண்டேஷன்ல இருந்து பெரிய தொகை வந்தா ஏதாவது சிக்கல் வருமா?

வரலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. பப்ளிக் சாரிட்டி என்றால் பலரிடமிருந்து பணம் வருகிறது என்று காட்ட வேண்டும். நன்கொடையை நம்பி நடக்கும் அமைப்பு, ஐந்தாண்டு மொத்த வரவில் மூன்றில் ஒரு பங்காவது பொது ஆதரவு என்று காட்டினால் கவலையில்லை. அந்தக் கணக்கில், ஒரே நபரோ ஒரே பிரைவேட் ஃபவுண்டேஷனோ கொடுத்த தொகை மொத்த வரவின் 2 சதவீதம் வரைதான் பொது ஆதரவாகச் சேரும்.

ஐந்தாண்டில் சிறு நன்கொடைகள் 2 லட்சம் டாலர், ஒரு ஃபவுண்டேஷன் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 5 லட்சம், அதில் 2 சதவீதம் 10,000. பொது ஆதரவு 2,10,000, அதாவது 42 சதவீதம். தப்பித்தோம். அதே ஃபவுண்டேஷன் 4.5 லட்சம் கொடுத்தால் மொத்தம் 6.5 லட்சம், 2 சதவீதம் 13,000, பொது ஆதரவு 2,13,000. அது 33 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அதனால் உடனே பப்ளிக் சாரிட்டி அந்தஸ்து போய்விடாது. 10 சதவீதத்துக்கு மேல் இருந்து மற்ற அம்சங்கள் சரியாக இருந்தால் இன்னொரு வழி உண்டு, எதிர்பாராத பெருந்தொகைக்கு விதிவிலக்கும் உண்டு. கட்டணம் வாங்கி நடக்கும் தமிழ்ப்பள்ளி போன்றவற்றுக்குக் கணக்கிடும் முறையே வேறு. செக்கை வாங்குவதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் (சி.பி.ஏ.) உட்கார்ந்து பேசுங்கள்.

நாங்க தமிழ்நாட்டுல இருக்கோம். அமெரிக்க ஃபவுண்டேஷன் எங்களுக்கு நேரா கொடுக்க முடியுமா?

முடியும், இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது. அவர்கள் பக்கம், உங்கள் அமைப்பு அமெரிக்கப் பப்ளிக் சாரிட்டிக்குச் சமமானது என்று ஆவணங்களை வைத்து முடிவுசெய்ய வேண்டும். அதை என்.ஜி.ஓ.சோர்ஸ் போன்ற அமைப்புகள் செய்து கொடுக்கின்றன. இல்லாவிட்டால் ஒப்பந்தம், தனிக் கணக்கு, அறிக்கை என்று ஒவ்வொரு டாலருக்கும் ஃபவுண்டேஷனே பொறுப்பேற்க வேண்டும். ஐந்து டிரஸ்டிகள் மட்டும் உள்ள இடங்கள் இந்த வேலைக்குப் பயந்தே வெளிநாட்டுக்குக் கொடுப்பதில்லை. படிவத்தின் பட்டியலில் ஓர் இந்திய முகவரியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் பக்கம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் தன் நோக்கங்களுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் டெல்லியில் எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளையில் திறக்கும் எஃப்.சி.ஆர்.ஏ. கணக்கில் மட்டும்தான் வந்து விழலாம். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020 திருத்தத்துக்கு முன் இது 50 ஆக இருந்தது. எஃப்.சி.-4 ஆண்டுக் கணக்கை டிசம்பர் 31-க்குள் கொடுக்க வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்குத்தான்.

எங்ககிட்ட எஃப்.சி.ஆர்.ஏ. இல்லை. பக்கத்து டிரஸ்ட்ல இருக்கு. அவங்க பேர்ல வாங்கி எங்களுக்குத் தரலாமா?

கூடாது. 2020 திருத்தம் இதை முழுவதுமாகத் தடுத்துவிட்டது. வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றிவிட முடியாது, அந்த அமைப்புக்கும் பதிவு இருந்தாலும்கூட. உதவ நினைக்கும் பக்கத்து டிரஸ்டின் பதிவுக்கே ஆபத்து.

புது அமைப்பாக இருந்தால் முன் அனுமதி என்ற வழி இருக்கிறது: குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று கொடையாளரின் உறுதிக் கடிதத்தோடு உள்துறை அமைச்சகத்திடம் கேட்பது. உள்நாட்டுப் பணத்துக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) நிதிக்கு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவுசெய்ய வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் கொடுத்தால், ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நிதிதான். இந்த இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

ஒருத்தர் பத்து சதவீதம் கமிஷன் கொடுத்தா அழைப்பு வாங்கித் தரேங்கிறார். நம்பலாமா?

நம்பாதீர்கள். அமெரிக்காவில் நிதி திரட்டும் தொழிலில் உள்ளவர்களின் சங்கமான ஏ.எஃப்.பி.யின் நெறிமுறையே சதவீதக் கமிஷனைத் தடுக்கிறது. எழுதித் தருபவருக்கு வேலைக்கான கூலி கொடுங்கள், அது நியாயம். "உங்கள் டிரஸ்ட் தேர்வாகிவிட்டது, செயலாக்கக் கட்டணமாக 500 டாலர் கட்டுங்கள்" என்று வரும் மெயில் முழு மோசடி. கிராண்ட் கொடுப்பவர்கள் நம்மிடம் கட்டணம் வாங்க மாட்டார்கள்.

போன வருஷம் கொடுத்தாங்க. இந்த வருஷம் கூப்பிடவே இல்லை. கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். ஒருமுறை வாங்கிய பிறகு நீங்கள் அந்நியர் இல்லை. கேட்பதற்கு முன் அறிக்கை அனுப்பினோமா என்று மட்டும் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல், பணம் வந்த பிறகு ஒரு வரி எழுதாமல் விட்டதுதான் காரணம். சரியாக நடக்காததையும் அறிக்கையில் எழுதுங்கள், அதை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

சில இடங்களில் மூன்று ஆண்டு கொடுத்தால் ஓராண்டு இடைவெளி என்று விதியே இருக்கும். சில ஃபவுண்டேஷன்கள் மொத்தப் பணத்தையும் கொடுத்துத் தீர்த்துவிட்டு மூடிவிடுகின்றன. தொழிலதிபர் சக் ஃபீனியின் அட்லாண்டிக் ஃபிலான்த்ரபீஸ் 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து, 2016-ல் கடைசி கிராண்ட்டை முடித்து, 2020-ல் மூடியது. ஆகவே கேட்கும்போது "ஏன் கொடுக்கவில்லை?" என்று தொடங்காமல், "அடுத்த ஆண்டுக்குத் திட்டமிடுகிறோம், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். அந்த உணவு வங்கிக்கும் மூன்றாம் ஆண்டு இப்படி ஒரு இடைவெளி வந்தது. கேட்டார்கள். அந்த அம்மாவே போனில் கூப்பிட்டு, இந்த ஆண்டு முடியாது என்று சொல்லிவிட்டு, வேறு இரண்டு ஃபவுண்டேஷன்களிடம் தானே பேசுவதாகச் சொன்னார். பேசவும் செய்தார்.